நெல்லிவாசலை எந்த அலமாரியில் தேடுறது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான் பேசப்போறேன். விஷயம் கொஞ்சம் சாதுவானது. ஸ்கூல் லைப்ரரியில ஒரு புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். ஹெட்போனைக் கழட்டிடாதீங்க, இதுக்குள்ள ஏழு நாயும் ஒரு விண்கோளும் வரும்.

முதல்ல என் கதை. நான் சென்னையில படிச்ச பள்ளியில லைப்ரரி இருந்துச்சு. கண்ணாடிக் கதவு போட்ட ஆறு பீரோ, எல்லாத்துக்கும் பூட்டு. வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் உண்டு, டைம்டேபிள்ல. அந்த நேரத்துல கணக்கு டீச்சர் வந்து போர்ஷன் முடிப்பாங்க. அங்க இருந்த ஏழு வருஷத்துல அந்தப் பீரோவுலேருந்து நான் எடுத்துப் படிச்சது ரெண்டே புத்தகம். கண்ணாடி வழியா முதுகுப் பக்கத்தை மட்டும் படிச்சது நிறைய. உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும்னு நினைக்கிறேன்.

சட்டப்படி இது தப்புன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்கணும், அதுல செய்தித்தாள், பத்திரிகை, எல்லாப் பாடங்களுக்குமான புத்தகம், கதைப்புத்தகம் இருக்கணும்னு இருக்கு. அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்ஷா திட்டத்துல வருஷத்துக்கு 5,000 ரூபாயிலேருந்து 20,000 ரூபாய் வரைக்கும் நூலக மானியம் உண்டு. தொடக்கப் பள்ளியா, மேல்நிலைப் பள்ளியாங்கிறதைப் பொறுத்து மாறும். அதனால புத்தகமே இல்லைங்கிற நிலைமை இப்போ பல இடத்துல கிடையாது. வந்த புத்தகம் எங்க இருக்கு, எப்படி எடுக்கிறது, அங்கதான் சிக்கல்.

சரி, இப்போ மலைக்குப் போவோம். திருப்பத்தூர்லேருந்து ஜவ்வாது மலை மேல ஏறினா புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு மூணு ஊராட்சிகள். பேர்லயே 'நாடு' இருக்கு, கவனிச்சீங்களா? ஒவ்வொரு நாடும் மலை மேல சிதறிக் கிடக்கிற பல சின்ன ஊர்களைச் சேர்த்த பழைய பிரிவு. அங்க வாழுறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி மக்கள். இந்தப் பேரை ஞாபகத்துல வெச்சுக்குங்க, இதனாலதான் பின்னாடி எங்களுக்கு வம்பே வந்துச்சு.

நாங்க நாலு பேர், எல்லாரும் ஐடி, ஒரு லீவுல பத்து நாள் அந்தப் பக்கம் ஒரு பள்ளியில புத்தகம் அடுக்கிக் கொடுக்கப் போனோம். எந்தப் பள்ளின்னு சொல்லப்போறது இல்லை. விடுதியோட சேர்ந்த பள்ளி. நூலகர்னு தனியா ஆள் கிடையாது. தமிழ்நாட்டுல பெரும்பாலான அரசுப் பள்ளிகள்ல அப்படித்தான், ஏதோ ஒரு ஆசிரியர் கூடுதலா பார்த்துக்கணும். இங்க அறிவியல் சார். ரெண்டு பீரோ, நாலு அட்டைப்பெட்டி, ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். சாவி சார் சட்டைப்பையில.

வந்த முதல் நாளே எனக்குள்ள இருந்த புரட்சியாளர் எழுந்துட்டார். "ஏன் சார் பூட்டி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். அவர் கோபப்படலை. ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரிசை எண், விலை. "தணிக்கைக்கு வர்றப்ப எண்ணுவாங்க மேடம். குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியது நான். பசங்க படிச்சிருக்காங்களான்னு யாரும் எண்ண மாட்டாங்க." நான் வாயை மூடிக்கிட்டேன். என் பழைய பள்ளியோட கண்ணாடிக் கதவு மேல இருந்த கோபமும் அன்னிக்குக் கொஞ்சம் குறைஞ்சுது, முழுசா இல்லை.

அடுக்கிற வேலைக்கு வருவோம். நான் முன்னாடியே டியூவி தசமப் பகுப்பு பத்தி யூடியூப்ல பார்த்துட்டு ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிட்டுப் போயிருந்தேன். மெல்வில் டியூவிங்கிற அமெரிக்கர் 1876-ல போட்ட முறை. உலக அறிவையெல்லாம் 000 முதல் 999 வரை பிரிச்சது. 800-ன்னா இலக்கியம். அதுல ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840, இத்தாலிக்கு 850. இப்படியே எல்லாருக்கும் ஒரு வீடு கொடுத்துட்டு, மிச்சம் இருக்கிற உலகம் முழுக்க 890-ல. தமிழுக்கு 894.811. புத்தகங்கள்ல முக்கால்வாசி தமிழ்க் கதைகளா இருக்கிற ஒரு பீரோவுல இந்த எண்ணை ஒட்டிப் பாருங்க. எல்லாத்துக்கும் ஒரே எண்! ஒரு நாள் பூரா ஒட்டினோம். அடுத்த நாள் காலையில அஞ்சாவது படிக்கிற பையன் ஒருத்தன் வந்து, "அக்கா, எல்லாப் புக்குக்கும் எதுக்கு ஒரே போன் நம்பர்?"னு கேட்டான். ஸ்டிக்கரை உரிச்சோம்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. டியூவியோட இந்தக் குறையெல்லாம் நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்கு எப்பவோ உறுத்தியிருக்கு. சீர்காழியில 1892-ல பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மனுஷனுக்கு அந்த வேலை முதல்ல பிடிக்கவே இல்லை, திரும்பப் பாடம் நடத்தவே போயிடறேன்னு நின்னிருக்கார். லண்டன்ல ஒரு கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பார்க்கிறார். அதே துண்டுகளை வெச்சு விதவிதமான பொருள் செய்யலாம் இல்லையா? புத்தகத்தோட பொருளையும் அப்படித் துண்டு துண்டாப் பிரிச்சுக் கோத்தா என்னன்னு தோணியிருக்கு. அதுலேருந்து 1933-ல வந்ததுதான் கோலன் பகுப்பு. 1931-ல வந்த அவரோட ஐந்து நூலக விதிகள் புத்தகத்துல நாலாவது விதி வாசகரோட நேரத்தை வீணாக்காதேங்கிற மாதிரி ஒண்ணு. 894.811-ஐ ஒட்டினப்போ நாங்க உடைச்சது அதைத்தான். சுதந்திர இந்தியாவிலேயே முதல்ல, 1948-ல, சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்ததுக்குப் பின்னாடியும் அவர் உழைப்பு இருக்கு. பள்ளிப் புத்தகத்துல அவரைப் பத்தி ஒரு பெட்டிச்செய்தி படிச்ச ஞாபகம். பரீட்சைக்குக் கேட்க மாட்டாங்கன்னு தாண்டிப் போனது.

எண்ணை உரிச்சாச்சு. இப்போ எப்படி அடுக்கறது? பெட்டியில வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருந்துச்சு. 2023-ல பள்ளிக்கல்வித் துறை ஆரம்பிச்ச திட்டம். மெல்லிசா, பெரிய படத்தோட, அழகா இருக்கும். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. வாசிக்கத் தொடங்குற குழந்தைக்கு 'நுழை', நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு 'பற'. ரொம்ப நல்ல பேருங்க, யார் வெச்சாங்களோ. சரி, நாலு தட்டு, நாலு பேர், முடிஞ்சுது வேலைன்னு நினைச்சோம்.

ரெண்டாவது நாள் பார்க்கிறேன், எட்டாவது படிக்கிற ஒரு பையன் 'நட' தட்டுலேருந்து எடுத்த புத்தகத்துக்குச் செய்தித்தாள்ல அட்டை போட்டு வெச்சிருக்கான். யாரும் பார்த்துடக் கூடாதுன்னு. அன்னிக்கு சாயங்காலமே தட்டு மேல இருந்த பேரை எல்லாம் எடுத்துட்டோம். கதை, விலங்கு, அறிவியல், ஆளுங்க, பாட்டுன்னு பொருள்வாரியா மாத்தி, படிநிலைக்கு முதுகுல ஒரு சின்ன வண்ணப் பொட்டு மட்டும் வெச்சோம். எந்த நிறம் என்ன படின்னு சாருக்குத் தெரியும். பசங்களுக்கும் ரெண்டே நாள்ல தெரிஞ்சிருக்கும், ஆனா எல்லா நிறமும் ஒரே தட்டுல கலந்து இருக்கிறதால யாரும் கவலைப்படலை. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கம்பியில கொடி கட்டித் தொங்கவிட்டோம். துணி காயப்போடற கிளிப்தான். இதுக்குத்தான் அதிகக் கூட்டம்.

இப்போதான் நான் சொல்ல வந்த விஷயம். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு. அதிகம் பேசாது. அஞ்சாவது நாள் வந்து கேட்டுச்சு: "அக்கா, எங்க மலையைப் பத்தி புக்கு இருக்கா?"

வகுப்புல 'எங்கள் ஊர்'னு ஏதோ எழுதச் சொல்லியிருந்தாங்க. நான் ரொம்ப தைரியமா, தேடிடலாம் வான்னு சொன்னேன். ரெண்டு பீரோவையும் தேடினோம். இமயமலை இருக்கு. ஆல்ப்ஸ் இருக்கு. கிளிமஞ்சாரோ கூட இருக்கு, படத்தோட. ஜவ்வாது இல்லை.

சரி, போன்ல தேடுவோம். பள்ளிக்குப் பின்னாடி ஒரு பாறை மேல ஏறி நின்னா ரெண்டு புள்ளி சிக்னல் கிடைக்கும். அங்க நின்னு ரெண்டு பேரும் தேடினோம். முதல் தேடல், 'மலையாளி மக்கள் வரலாறு'. என்ன வந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஓணம், கதகளி, வளைகுடா வேலை, மோகன்லால். அந்தப் பொண்ணு பக்கம் பக்கமாத் தள்ளிப் பார்த்துட்டு, "இது நாங்க இல்லக்கா"ன்னு சொல்லிச்சு. மலையை ஆளுறவங்க, மலையில இருக்கிறவங்கன்னு பொருள் சொல்ற ஒரு பேரு, அதே எழுத்துல இன்னொரு மாநிலத்துக்குப் போயிடுது. தேடுபொறிக்கு எண்ணிக்கைதான் தெரியும்.

அடுத்து மலைப் பேரு. ஜவ்வாது, ஜவாது, சவ்வாது. தமிழ்லயே மூணு. ஆங்கிலத்துல எழுதறவங்க ஜவாடி, ஜவாதி, ஜவ்வாதுன்னு இன்னும் நாலஞ்சு விதமா எழுதியிருக்காங்க. ஒண்ணுல தேடினா இன்னொண்ணு வராது. நான் அந்தப் பொண்ணோட நோட்டுல எல்லா எழுத்தையும் ஒரு பட்டியலா எழுதச் சொன்னேன். உங்கள்ல யாராவது சொந்த ஊரைப் பத்தித் தேடினா முதல்ல இந்தப் பட்டியலைப் போடுங்க. வெள்ளைக்காரன் காதுல உங்க ஊர் எப்படி விழுந்திருக்கும்னு யோசிச்சா பாதி எழுத்து தானா வந்துடும்.

மூணாவது சிக்கல் எனக்கே புதுசு. பழைய மாவட்டக் கையேடுகள் இருக்கு இல்லையா, பிரிட்டிஷ் காலத்துல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எழுதினது? நான் உடனே வட ஆற்காடு கையேட்டைத் தேடினேன். காக்ஸ் எழுதினது, 1881. ஆனா நெல்லிவாசல் இருக்கிற திருப்பத்தூர் தாலுகா அப்போ வட ஆற்காட்டுலயே இல்லை, சேலத்துல இருந்துச்சு. 1911-லதான் வட ஆற்காட்டுக்கு வந்துச்சு. 1989-ல வட ஆற்காடு ரெண்டாப் பிரிஞ்சுது, அப்புறம் வேலூர் மாவட்டம்னு பேர் மாறிச்சு, 2019-ல திருப்பத்தூர் தனி மாவட்டம். ஆக, நெல்லிவாசல் இருந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கு, அதுக்கு மேல இருக்கிற மாவட்டத்தோட பேரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. ஒரே மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், இந்தப் பக்கம் திருப்பத்தூர். அப்போ எந்தக் காலத்து விஷயம் வேணுமோ அந்தக் காலத்து மாவட்டத்துல தேடணும். 1883-ல லெஃபானு எழுதின சேலம் கையேட்டைத்தான் நான் முதல்ல எடுத்திருக்கணும்.

இது ஏதோ புத்தகப் புழுவோட கவலைன்னு நினைக்காதீங்க. பட்டியல் பழங்குடியினர் அட்டவணையில தமிழ்நாட்டுக்கான பகுதியை எடுத்துப் பாருங்க. 'மலையாளி'ங்கிற பேருக்குப் பக்கத்துல மாவட்டங்கள் இருக்கும்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1976 திருத்தத்துல போட்டது. வட ஆற்காடுன்னு ஒரு மாவட்டம் இப்போ வரைபடத்துல இல்லை, ஆனா அந்தப் பேரு அந்தத் தாள்ல இருக்கிறதாலதான் இந்தப் பொண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்க முடியுது. கோயம்புத்தூர்ங்கிற பேரு அதுல இல்லை. அதுலேருந்து பிரிஞ்சுதான் ஈரோடு வந்துச்சு. அங்க அந்தியூருக்கு மேல பர்கூர் மலையில இருக்கிற மலையாளி மக்கள் பல வருஷமா எங்களையும் பட்டியல்ல சேருங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. கல்லூரி சீட்டு, உதவித்தொகை, நிலப் பிரச்சினைன்னு எல்லாம் அந்த ஒரு வரியில தொங்குது.

தேடித் தேடி கடைசியில ஒண்ணு கிடைச்சுது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல ஏழு தொகுதியா போட்ட புத்தகம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'னு தமிழ்லயும் போட்டிருக்கு. ஆங்கில மூலத்தோட நாலாவது தொகுதியில மலையாளி மக்களைப் பத்தி ஒரு பகுதி இருக்கு. தர்ஸ்டன் யாருன்னு தெரிஞ்சுட்டுப் படிக்கணும். போற இடமெல்லாம் மக்களோட மூக்கையும் மண்டையையும் அளந்து குறிச்சுக்கிட்டவர். ஆனா அந்தப் பகுதியில ஜவ்வாது மலைக்காரங்களோட பூர்வீகக் கதை ஒண்ணு இருக்கு, வட ஆற்காடு கையேட்டுலேருந்து எடுத்தது. அதை நான் பாறை மேல உட்கார்ந்து தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன்.

காஞ்சிபுரத்துலேருந்து ஏழு பொண்ணுங்களைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிட்டுப் போயிடறாங்க. ஏழு ஆம்பளைங்க ஏழு நாயோட தேடிப் புறப்படறாங்க. வீட்டுல சொல்லிட்டுப் போறாங்க, நாய் மட்டும் தனியாத் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக் காரியம் பண்ணிடுங்கன்னு. வழியில பாலாறு. வெள்ளம். இவங்க எப்படியோ கரையேறிடறாங்க, நாய்ங்க பாதி ஆத்துலேருந்து திரும்பிடுது.

இங்க அந்தப் பொண்ணு கையைக் காட்டி என்னை நிறுத்திச்சு. "இதுக்கப்புறம் எனக்குத் தெரியும்." மிச்சத்தை அதுவே சொல்லிச்சு. நாய் வந்ததும் ஊர்ல காரியம் முடிச்சுட்டாங்க, போனவங்க திரும்பி வந்தா ஊர் சேர்த்துக்கலை, அவங்க மலையேறிட்டாங்க. ஆனா பாட்டி சொன்னதுல சில இடம் வேற மாதிரி. தர்ஸ்டன் புத்தகத்துல நாய்க்குப் பேரு இல்லை. பாட்டி கதையில ஒரு நாய்க்குப் பேரு உண்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. நாலு நாள் தேடி நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் புத்தகத்துலேருந்து எடுத்துக் கொடுத்தா, அது அவங்க வீட்டுத் திண்ணையிலயே இருந்துருக்கு.

அதுக்கப்புறம்தான் ஜன்னல் பக்கம் ஒரு மரத்தட்டை ஒதுக்கி 'நம்ம மலை'ன்னு எழுதி ஒட்டினோம். நூலக விதிப்படி பார்த்தா அதுல இருக்கிறதெல்லாம் வேற வேற இடத்துல இருக்க வேண்டியது. வானியல் பகுதிக்குப் போக வேண்டிய காவலூர் பத்தின தாள் இதுல இருக்கு. அதே மலைத்தொடர்ல ஆலங்காயம் பக்கம் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். அங்கேருந்து 1988-ல ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு, அதுக்கு ராமானுஜன்னு கணித மேதையோட பேரை வெச்சாங்க. 1986-லேருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒண்ணும் அங்க இருக்கு. பசங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. தொல்லியல் துறை 1972-ல போட்ட 'செங்கம் நடுகற்கள்' புத்தகத்தோட சில பக்கங்களைப் பிரின்ட் எடுத்து வெச்சோம். மலைபடுகடாம் எளிய உரையோட ஒண்ணு. அதுல வர்ற சேயாறு இந்த மலையிலதான் பிறக்குதுன்னு அறிவியல் சார்தான் சொன்னார். கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல சாமை. அதைப் புத்தகத் தட்டுல வைக்கலாமான்னு எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. பசங்க வெச்சுட்டாங்க. எலி வருதான்னு பார்த்துக்கணும்.

கடைசியா அந்தப் பொண்ணு பாட்டிகிட்ட கேட்டு எழுதின நோட்டு. கோடு போட்ட 40 பக்க நோட்டு, பாதிதான் நிரம்பியிருந்துச்சு. அதை ரெஜிஸ்டர்ல ஏத்தறப்போ சார் பேனாவோட உட்கார்ந்திருக்கார். ஆசிரியர்னு ஒரு கட்டம். பாட்டி பேரா, பேத்தி பேரா? பொண்ணு பாட்டி பேரைச் சொல்லிச்சு. அடுத்த கட்டம் பதிப்பகம், அதுல ஊர்ப் பேரு. அதுக்கடுத்து விலை. சார் கொஞ்சம் யோசிச்சுட்டு பத்து ரூபாய்னு போட்டார், நோட்டோட விலை. "காலியா விட்டா தணிக்கையில கேட்பாங்க."

ஒண்ணு கேட்டுக்கறேன். இதைக் கேட்டுட்டு வீட்டுல கிடக்கிற பழைய கைடு, நீட் மெட்டீரியல் எல்லாத்தையும் மூட்டை கட்டி மலைக்கு அனுப்பிடாதீங்க. ரெண்டு பெட்டி அப்படி வந்தது அங்க இன்னும் கிடக்கு. அனுப்பணும்னா முதல்ல அந்தப் பள்ளியில என்ன வேணும்னு கேளுங்க. நெட் கிடைக்கிற இடத்துலேருந்து நீங்க செய்யக்கூடியது வேற இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல அவங்க பகுதியைப் பத்தி இருக்கிறதைத் தேடிப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாம். ஸ்டோரிவீவர்ல திறந்த உரிமத்துல தமிழ்க் கதைகள் கிடைக்குது, அதையும் பிரின்ட் எடுக்கலாம். தேடறப்போ எழுத்துப் பட்டியலை மறக்காதீங்க.

போன வாரம் சாருக்கு போன் போட்டேன். பீரோ இப்போ மதியச் சாப்பாட்டு நேரத்துல திறந்திருக்காம், சாவி எட்டாவது பசங்க ரெண்டு பேர்கிட்ட. மூணு புத்தகம் காணலையாம். பாட்டி நோட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன். ஒரு மாசமா தட்டுல இல்லையாம். யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதலை. விடுதியில கை மாறி மாறிப் போய்க்கிட்டு இருக்குன்னு மட்டும் தெரியுமாம்.